நீ குதிக்காமல் போன காலை

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. உன்னை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளிலேயே புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைப் போடுவாய். இதையும் அப்படிப் படித்தால் பாதியில் தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் வரிசையாகப் படி. நீ உன் அம்மாவிடம் பேசி ஏழு மாதம் ஆகிறது. நான் கூப்பிட்டால் போனை எடுக்கிறாய், சுகம் விசாரிக்கிறாய், மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாய். போனை அவளிடம் கொடுக்கட்டுமா என்றால் உனக்கு உடனே வேலை வந்துவிடுகிறது. அடுத்த மாதம் உங்கள் முகாமில் மறுபடியும் பலூன் விடப் போகிறார்கள் என்றும், போவது நீயா இன்னொருவனா என்று பேச்சு ஓடுகிறது என்றும், உன் வீட்டாரைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற சந்தேகம்தான் உனக்குக் குறுக்கே நிற்கிறது என்றும் நீயே சொன்னாய். வீட்டார் என்று நீ சொன்னது அம்மாவைத்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல். பத்திரிகையில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் காலையை உலகமே பார்த்தது, அதற்கு முந்தின அரைமணி நேரத்தையும் தெரிந்துகொள்ளட்டும்.

என் தொழில் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேட்டையில் ஒரு சின்ன ஆக்சிஜன் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் அங்கிருந்து சிலிண்டர் போகும். நிரப்பி வந்த சிலிண்டரை நான் ஒரு நாளும் நம்பியது கிடையாது. தட்டிப் பார்ப்பேன், கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன், சோதனைத் தேதி பொறித்திருக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். லாரி டிரைவர், "அண்ணாச்சி, மதினி போடுத காப்பியவாவது நம்பிக் குடிப்பியளா?" என்று கேலி செய்வான். அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அதையும் யோசிப்பேன். இந்தப் புத்தி டிப்போ கேட்டோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, என்னோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் நீ கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கி வந்தபோது, அழித்து எழுதியிருக்கிறாயோ என்று ரேங்க் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் நான். நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். மார்க் சரியாகத்தான் இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஆனால் என் சந்தேகத்துக்கு நீயும் தீனி போட்டாய், அதை இல்லையென்று சொல்லாதே. பி.காம். முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறேன் என்றாய். என்ன வேலை என்று கேட்டதற்குத் துணி மடிக்கிற வேலை என்றாய். ஏதோ பெரிய சலவைக் கடை போலிருக்கிறது என்று நானும் ஆறு மாதம் ஊரெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, நீ மடித்தது பாரசூட். பாலைவனத்தில் விமானத்திலிருந்து பொழுதுபோக்குக்காகக் குதிக்கிறவர்களுக்குப் பாரசூட் மடித்துப் பையில் வைத்துக் கொடுக்கிற வேலை. மடிக்கிறவன் ஒரு நாள் குதித்தே தீருவான் என்று அப்போதே உன் அம்மாவிடம் சொன்னேன். நீ குதித்தாய். அதையும் ஆயிரம் தடவைக்கு மேல் குதித்து முடித்த பிறகுதான் எங்களிடம் சொன்னாய். அம்மா அன்றைக்குக் கேட்டதெல்லாம் கால் வலிக்குமா என்பது ஒன்றுதான். நான் கேட்ட இருபது கேள்வியில் பதினெட்டுக்கு நீ மழுப்பினாய்.

பிறகு வந்தது பலூன் கதை. ஹீலியம் அடைத்த பலூனில் ஒரு கூண்டைக் கட்டி, அதில் ஆளை உட்கார வைத்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேலே கொண்டுபோய், அங்கிருந்து கதவைத் திறந்து குதிக்க வேண்டும். இதுவரை யாரும் குதிக்காத உயரம், அதனால் சாதனை. எனக்கு அந்த உயரம் பிடிபடவில்லை. நீதான் சொன்னாய், இங்கன ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற தூரத்தை அப்படியே நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள் என்று. பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிற தூரம். அதில் முக்கால்வாசிக்கு மேல் ஐந்தே நிமிஷத்தில் விழுந்துவிடுவேன், மீதிக்குப் பாரசூட் விரிந்துவிடும் என்றாய். அங்கே காற்று கிடையாது, சத்தம் கிடையாது, வானம் பகலிலேயே கறுப்பாக இருக்கும், அழுத்தம் கொடுக்கிற உடுப்பு இல்லாவிட்டால் உடம்பில் இருக்கிற நீரே கொதிக்க ஆரம்பிக்கும் என்றும் சொன்னாய். இதை ஏதோ குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற மாதிரி சொன்னாய். எனக்கு வந்த முதல் கேள்வி, உலகத்தில் இத்தனை பேர் இருக்க உன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான். பெரிய ஆளை அனுப்புவதற்கு முன்னால் எங்கள் பிள்ளையை வைத்து உடுப்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். சின்ன உடம்பு, பதறாத ஆள், தன் பாரசூட்டைத் தானே மடிக்கத் தெரிந்தவன், அதனால்தான் என்று நீ சொன்னாய். அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது நான் நம்பவில்லை.

நம்பாததற்கு ஒரு காரணம் உன் கறுப்புக் கண்ணாடி. முதல் சோதனைக் குதிப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து வீடியோவில் வந்தாய். அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். கழற்றச் சொன்னேன், வெயில் என்றாய். உன் பின்னால் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அம்மா நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விடாமல் நச்சரித்து, கடைசியில் நீ கழற்றினாய். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழி இருக்க வேண்டிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. விழும்போது உடம்பு பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது, ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிவிட்டது, சின்னப் பாரசூட் விரிந்து சுற்றலை நிறுத்திவிட்டது, பத்து நாளில் சரியாகிவிடும் என்று பைய ஒவ்வொன்றாகச் சொன்னாய். சரியாகத்தான் போனது. ஆனால் எனக்குள் ஒன்று முறிந்துவிட்டது. கண்ணையே மறைத்தவன் வேறு எதையெல்லாம் மறைக்க மாட்டான் என்று அன்றிலிருந்து உன் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். இதற்கு முன்னால் முயன்றவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை என்பதையும் நானாகத்தான் போனில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ சொல்லவில்லை.

சாதனைக் குதிப்புக்கு முன்னால் பத்து நாள் லீவில் வந்தாய். வந்த அன்றைக்கே அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெ மட்டும் வேண்டாம்மா. ஹெல்மெட்டுக்குள்ள முழுக்க ஆக்சிஜன். அப்பாட்ட கேளு, எண்ணெயும் ஆக்சிஜனும் சேந்தா என்ன ஆவும்னு" என்றாய். அவள் என்னிடம் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஆக்சிஜன்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதைப் போய்க் கேட்க வேண்டுமா? எண்ணெயைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உன் தலையைச் சீயக்காயால் மட்டும் அலசிவிட்டாள். ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்கிற பருத்திக் குல்லாயையும் உள்பனியனையும் நீ ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவந்திருந்தாய். பழகின துணி உடம்பில் உறுத்தாது, அதனால் கூடவே வைத்திருக்கிறேன் என்றாய். அந்தப் பையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாய். அந்தப் பத்து நாளும் அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உனக்கு நான் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த கதை சுடலைமுத்துவின் கதை. டிப்போவில் என்கூட வேலை பார்த்தவன். ஒரு ஆயுத பூஜைக்கு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்திச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தோம். சுடலைமுத்து அறிவில்லாமல் எண்ணெய்த் துணியால் வால்வைத் துடைத்துப் பளபளப்பாக்கினான், மறுநாள் அதைத் திறந்தபோது குப்பென்று பிடித்து அவன் உள்ளங்கை வெந்துபோனது, நான் எத்தனையோ சொல்லியும் கேட்கவில்லை. இப்படித்தானே சொன்னேன்? நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அது முழுக்க உண்மையில்லை. முதலாளி குடும்பத்தோடு பூஜைக்கு வருகிறார், வால்வெல்லாம் மின்ன வேண்டும் என்று சொன்னவன் நான். துணி காய்ந்து இருக்கிறதே, பளபளப்பு வரவில்லையே என்று அவன் நின்றபோது, "லேசா எண்ணெயத் தொட்டுத் துடைலே, அப்பொறம் நான் சோப்புப் போட்டுக் கழுவிருதேன்" என்று சொன்னவனும் நான்தான். கழுவினேன், ஒன்றை விட்டுவிட்டேன். விசாரிக்க ஆள் வந்தபோது நான் சொல்லிக்கொடுத்தும் அவன் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையில் கட்டோடு அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வேலை போனது. பிறகு டவுனில் சைக்கிள் பஞ்சர் கடை போட்டான். அந்தத் தெரு வழியாக நான் போவதே இல்லை. உன் அம்மாவுக்கு இது தெரியும். கல்யாணமான புதிதில் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

நீ புறப்பட்டுப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா நம் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். என்னையும் கூப்பிட்டாள், எனக்குப் போகப் பிடிக்கவில்லை. வாழையிலைத் துண்டில் மஞ்சணை வாங்கிக்கொண்டு வந்தாள். படிக்கிற வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், மஞ்சள்பொடியை எண்ணெயில் குழைத்துச் சாமிக்குப் பூசுவார்கள், அதில் கொஞ்சம் பிரசாதமாகக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தூரதேசம் போனால் அதில் ஒரு பொட்டைத் தாய்மார்கள் பிள்ளைக்குத் தெரியாமல் சட்டைக் காலரின் உள்பக்கமோ பை மடிப்பிலோ வைத்து அனுப்புவார்கள். சொல்லிவிட்டு வைத்தால் பலிக்காது என்பது கணக்கு. நீ முதன்முதலில் வளைகுடாவுக்குப் போனபோதும் அம்மா வைத்தாள், பாஸ்போர்ட் உறைக்குள். குடியேற்ற அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து முழித்தான் என்று நீயே வந்து சிரித்தாய். இந்தத் தடவை சாமி படத்தின் முன்னால் அவள் இலையை வைத்ததையும் பார்த்தேன், நீ விமானம் ஏறிப் போன மறுநாள் அதில் ஒரு விரல் தோண்டி எடுத்த பள்ளம் இருப்பதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தேன். மூன்று நாள் அந்தப் பள்ளத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

குடும்பத்துக்கென்று உன் கம்பெனி ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் மட்டும் கூப்பிட வேண்டும் என்று நீ நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் காலையில் நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலைவனத்தில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. தரையில் நீளமாக விரித்திருந்த பலூனின் ஒரு முனை மட்டும் ஹீலியம் ஏறி எழும்பிக்கொண்டிருந்தது. நீ வெள்ளை உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருந்தாய். ரத்தத்திலிருந்து நைட்ரஜன் வெளியேறுவதற்காக இரண்டு மணி நேரம் அப்படிச் சுவாசிக்க வேண்டும், நடுவில் வெளிக்காற்றை ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டாலும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். உன் முகக்கண்ணாடியில் உறைபனி பிடிக்காமலிருக்க மெல்லிய மின்கம்பி ஓடுகிறது என்றும் சொல்லியிருந்தாய். சுத்த ஆக்சிஜன், சூடான கம்பி, எண்ணெய். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

உனக்கும் உன் கம்பெனிக்கும் நான் சொன்ன கதை இதுதான். நான் அம்மாவிடம் மஞ்சணையை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன் என்றாள். குல்லாயில் வைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது, உடனே அந்த நம்பரைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய், ஆயில், கேப், மதர், ஸ்டாப் என்று நாலு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நல்ல கெட்டிக்காரி, இரண்டாவது தடவையே புரிந்துகொண்டாள். இரண்டு நிமிஷத்தில் டிவியில் ஆட்கள் உன்னை நோக்கி ஓடுவது தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். நீ என்ன என்ன என்று கேட்டாய், ஒருவர் குனிந்து உன் காதில் சொன்னார். அப்போது கேமரா உன் முகத்தைக் காட்டியது. அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ரேங்க் கார்டை வெளிச்சத்தில் பிடித்த அன்றைக்கு. மறுபடி உடுத்தி இரண்டு மணி நேரம் சுவாசிப்பதற்குள் வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிட்டது. ஒரு தடவை ஹீலியம் ஏற்றின பலூனை மடித்து வைக்க முடியாதாமே, கிழித்துத் தரையில் போட்டார்கள். அந்தப் பருவத்தில் பிறகு காற்று அடங்கவே இல்லை.

குல்லாயைத் தையல் பிரித்துச் சோதித்தார்கள். அதில் எண்ணெய் இல்லை. ஆனால் வேறு எதிலாவது பட்டிருக்கலாமே என்று உன் உள்துணி எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார்கள். வீட்டில் சாமான் அசுத்தப்படுகிற ஆள் என்று உன் பெயருக்கு நேராக எழுதி வைத்தார்கள். நீ கூப்பிட்டாய். அம்மா நிச்சயமாக வைத்தாளா என்று என்னிடம் கேட்டாய். நிச்சயம், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீ அவளிடம் பேச வேண்டும் என்றாய். அவள் போனை வாங்கினாள். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் பதில் மட்டும் கேட்டது. "சரிய்யா" என்றாள். இரண்டு தடவை "சரிய்யா" என்றாள். அவ்வளவுதான் நீங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு நீ அவளிடம் பேசவில்லை, அவளும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். நீ வைத்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். இதை ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் விட்டுவிட்ட துண்டைச் சொல்கிறேன். நான் மஞ்சணை எங்கே என்று கேட்டபோது அவள் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன் என்று சொன்னது உண்மை. அதோடு நிற்கவில்லை. எழுந்து என் பின்னால் வந்து, நான் போட்டிருந்த பனியனின் கழுத்துப் பட்டியைப் புரட்டி எனக்குக் காட்டினாள். அங்கன இருந்தது அந்த மஞ்சள் பொட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு. "அவன் பயப்படலைங்க. நீங்கதான் பயந்து சாவுதிய, ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு. அதான் ஒங்களுக்கு வச்சேன். ஆக்சிஜன்ல போறவனுக்கு எண்ணெ வைப்பனா நான்?" என்றாள். நான் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. உன் குல்லாயில் ஒன்றும் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் சந்தேகமறத் தெரிந்தது. வாழ்க்கையில் எனக்கு எதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது கிடையாது. அதற்கப்புறம்தான் நான் போனை எடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். பலூன் எழும்பிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உன்னைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள், பிறகு என் கைக்கு எட்டாது. அதை நிறுத்த என் கையில் இருந்தது அந்த நம்பர் ஒன்றுதான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அதற்காக யாரும் நிறுத்த மாட்டார்கள், எண்ணெய் என்றால் நிறுத்துவார்கள். அது எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷத் தொழில். அம்மா என் கையைப் பிடித்து, "அவன் ஆசப்பட்டதுங்க, வேண்டாம்" என்றாள். நான் கையை உதறிவிட்டு எண்களை அழுத்தினேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் செய்தாள் என்று சொன்னேன். மதர் என்கிற வார்த்தை அவளுக்குத் தெரியும். சுடலைமுத்து நின்ற மாதிரியே நின்றாள்.

உன் சாதனையை உன்னிடமிருந்து பிடுங்கியவன் நான். உன்னையும் அவளையும் பிரித்தவனும் நான். இதில் உன் மேல் ஒரு குறையும் இல்லை, உன் அம்மா மேல் ஒரு குறையும் இல்லை. உன் சாமான் சுத்தமாக இருந்தது, அவள் கையும் சுத்தமாக இருந்தது. உன் கம்பெனிக்காரர்களுக்கு இது போதாது என்றால் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்கிறேன். உனக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் தொழில் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை போகிறவன் நீயாக இருந்தால், வால்வைச் சந்தேகப்படு, ரெகுலேட்டரைச் சந்தேகப்படு, ஆக்சிஜனில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார், ஈரம் இருந்தால் அந்தக் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எவ்வளவு சந்தேகப்பட்டாலும் வால்வுக்கு வருத்தம் வராது. உன்கூடப் போட்டி போடுகிற அந்த இன்னொருவனைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை எழுத மாட்டேன். அந்த போன் நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், என் போனில் அழித்தாகிவிட்டது. கம்பெனித் தாளிலும் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டுவிடு. அவள் கூப்பிட்டால் விஷயம் இருக்கும்.

இதை அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அப்படிச் செய்யாவிட்டால் பாதியை மாற்றிவிடுவேன் என்று எனக்கே என் மேல் சந்தேகம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. முடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு எடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்கிய. நான் ஒங்க கையப் பிடிச்சது ஒரு தடவ இல்ல, மூணு தடவ" என்றாள்.

மூன்று தடவை என்று திருத்திப் படித்துக்கொள்.